உழாத வயலின் வரலாறு

கொட்டாஞ்சேனையில் நாம் ஆசிரியப் பணி புரியும் பாடசாலையின் பத்தாம் வகுப்பிலே, சென்ற ஆண்டு ஒரு நாள், திருக்குறளின் உழவு அதிகாரத்தை விளக்கிக் கொண்டிருந்தோம். ஒரு பலப் புழுதி காற்பலமாக உணங்கும்படி நிலத்தை நன்றாக உழுது காயவிட்டால், ஒரு பிடி எருவும் வேண்டாமலே பயிர் செழிக்கும் என்று வள்ளுவர் கூறும் இடத்திற்கு வந்தபோது, பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். "சேர், உழாமலே விதைத்தால் முளைக்காதா?" என்று கேட்டான். வகுப்பு கொல்லென்று சிரித்தது. வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்: நாமும் சிரித்தோம்.

அம்மாணவனின் தந்தை புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவிலே மூட்டை சுமக்கும் தொழிலாளி. பருப்பும் பயறும் உழுந்தும் நாள்தோறும் அவருடைய தோளின்மேல் ஏறி இறங்குகின்றன. ஆனால் அவை விளையும் நிலத்தை அவரும் கண்டதில்லை. அவருடைய மகனும் கண்டதில்லை. வெள்ளவத்தையில் குடியிருந்து, காலி வீதித் தோசைக் கடைகளில் காலையுணவை முடித்துக்கொண்டு பஸ் ஏறும் நாம் மட்டும் கண்டோமா? இலக்கியத்தில் உழவைப் படித்தவர்கள் நாம். அகநானூற்றின் எண்பத்தாறாம் பாட்டிலே வரும் திருமணத்தில் உழுந்து சேர்த்துச் சமைத்த விருந்து உண்டு என்பதைப் பரீட்சைக்காக மனனம் செய்தோம். அந்த உழுந்து எப்படி விதைக்கப்பட்டது என்று எந்த ஆசிரியரும் எம்மைக் கேட்டதில்லை. நாமும் எவரையும் கேட்டதில்லை.

அந்தச் சிரிப்பு எமது மனத்தை உறுத்திக் கொண்டிருந்தது. தேடிப் படிக்கத் தொடங்கினோம். தை மாதக் கடைசியில், உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றிற்காகத் தமிழ்நாட்டின் மன்னார்குடிப் பக்கம் சென்றபோது, கேள்விக்கு விடை வயலிலேயே கிடந்தது. உழாமல் விதைத்தால் முளைக்கும். முளைப்பது மட்டுமன்று; உழுதால்தான் முளைக்காது என்று சொல்லத்தக்க நிலமும் உண்டு, பருவமும் உண்டு.

*

காவிரிப் படுகையின் களிமண் நிலத்தை முதலில் மனக்கண்முன் கொண்டுவர வேண்டும். நெல்லுக்காகச் சேற்றுழவு செய்யப்பட்ட மண் அது. மாதக்கணக்காக நீரில் ஊறி, குழைந்து, துகளோடு துகள் ஒட்டிக் கிடக்கும். சம்பாவோ தாளடியோ முற்றி, நீர் வடிக்கப்பட்டதும் அம்மண் இறுகத் தொடங்கும். அந்த நிலையில் ஏரைப் பூட்டினால் கிடைப்பது புழுதியன்று. பாளம் பாளமாகப் பெயரும் கட்டிகள். கட்டிகளின் இடையே காற்றுப் புகுந்து, எஞ்சியிருந்த ஈரத்தையும் உறிஞ்சிவிடும். மழையோ இனி இல்லை. வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. வாய்க்காலிலும் நீர் வரத்து நின்றுவிடும். 1934ஆம் ஆண்டில் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பின்னர், அணையைத் திறப்பதும் மூடுவதுமே படுகையின் ஆண்டுக் கணக்கைத் தீர்மானித்து வந்துள்ளன. ஆகவே, தை தொடங்கி ஆனி வரை அந்த நிலத்திடம் இருக்கும் செல்வமெல்லாம், நெல் குடித்து மீந்த ஈரம் ஒன்றுதான்.

அந்த ஈரத்தை வீணாக்காமல் உணவாக மாற்றுவதற்கு அப்பகுதி உழவர்கள் கண்ட வழி வியப்புக்குரியது. நெல் அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள்களுக்கு முன்னரே, நின்றுகொண்டிருக்கும் கதிர்களின் ஊடே உழுந்தையோ பச்சைப் பயற்றையோ கையால் வீசி விதைத்துவிடுகிறார்கள். மண் அப்போது மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும். சேறு மிகுந்தால் விதை அழுகிவிடும். காய்ந்துவிட்டால் விதை ஊறாது. விதைத்த சில நாள்களில் நெற்பயிரின் நிழலிலேயே முளை எட்டிப் பார்க்கும். பின்னர் அறுவடை ஆட்கள் வயலில் இறங்குவார்கள். அவர்களுடைய வெறுங்காலின் மிதிப்பு இளம் பயிரைக் கொல்வதில்லை. மேலே கிடக்கும் விதையை மண்ணுக்குள் அமுக்கிவிடுகிறது. நெல் அறுந்து போனதும், தாளின் அடிக்கட்டைகளுக்கிடையே இரண்டிலைப் பயிராக உழுந்து நிற்கும். வெயில் ஏற ஏற ஈரம் கீழே இறங்கும்; வேரும் அதனைத் துரத்திக்கொண்டு இறங்கும். மேலே இரவுப் பனி. எழுபது நாள், எழுபத்தைந்து நாள்; பங்குனி சித்திரையில் காய் கறுத்துவிடும். ஓர் உழவு இல்லை. ஒரு பாய்ச்சல் இல்லை.

வேரிலே இன்னொரு வேலையும் நடக்கிறது. பயற்றினச் செடிகளின் வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள், காற்றிலுள்ள நைதரசனைப் பயிர் கொள்ளத்தக்க வடிவத்திற்கு மாற்றுகின்றன. அறுவடைக்குப் பின் மண்ணில் தங்கும் வேரும் உதிர்ந்த இலையும் அடுத்த நெல்லுக்கு உரமாகின்றன. வள்ளுவரே அடுத்த குறளில் ஏர் உழுதலினும் எரு இடுதல் நன்று என்று கூறியிருப்பதை நாம் வகுப்பில் விரைவாகக் கடந்துவிடுகிறோம்.

உழுந்து என்ற சொல்லிலேயே 'உழு' என்ற ஒலி இருப்பது வேடிக்கையான தற்செயல். இதை வைத்துச் சொல்லாராய்ச்சி எதுவும் செய்ய நாம் முனையவில்லை. எமது மொழியில் 'உழவு' என்பது ஏர் ஓட்டுதலையும் குறிக்கிறது, வேளாண்மை முழுவதையும் குறிக்கிறது. மொழி இவ்வாறு இரண்டையும் ஒன்றாக்கிவிட்டபடியால், ஏரில்லாத பயிர்த்தொழிலை நினைத்துப் பார்ப்பதே எமக்குக் கடினமாகிவிட்டது. ஆனால் சங்கப் புலவர்க்கு அது கடினமாக இருக்கவில்லை. பாரியின் பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்டபோது, அம்மலையில் உழவர் உழாமலே விளையும் பொருள்கள் நான்கு உண்டு என்று கபிலர் அவர்களுக்கு அறிவித்தார். புறநானூற்றின் 109ஆம் பாட்டு அது. மூங்கிலரிசி, பலா, வள்ளிக்கிழங்கு, தேன். ஏரும் நெல்லும் வரியும் பெற்ற வேந்தர் மூவர் ஒருபுறம். உழாத மலை மறுபுறம். யார் வென்றார்கள் என்பது வாசகர் அறிந்ததே.

*

இந்த முறை தஞ்சைக்கு மட்டும் உரியதன்று. கிருஷ்ணா, கோதாவரிப் படுகைகளிலும் நெல்லின் தாளிலே உழுந்து விதைக்கிறார்கள். பர்மாவின் ஐராவதிப் படுகையிலும் நெல்லுக்குப் பின் உழுந்து விளைகிறது. இந்தியா இறக்குமதி செய்யும் உழுந்தின் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. வங்காளத்திலும் பீகாரிலும் இதற்குப் 'பைரா' என்று பெயர். மத்திய இந்தியாவில் 'உதேரா' என்பார்கள். அங்கே நிற்கும் நெல்லினூடே வீசப்படுவது பெரும்பாலும் கேசரிப் பருப்பு.

கேசரிப் பருப்பைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். உழாத பயிரைப் புகழ்ந்து பாடிவிட்டுப் போய்விடுவது நேர்மையாகாது. கேசரி எதையும் தாங்கும் செடி. வெள்ளத்தில் நின்றாலும் சாகாது. மழை பொய்த்தாலும் காய்க்கும். உழவும் வேண்டாம், உரமும் வேண்டாம். ஆனால் மாதக்கணக்கில் அதையே முக்கிய உணவாக உண்பவர்களுக்கு, இடுப்புக்குக் கீழே கால்கள் விறைத்து முடங்கிப் போகின்றன. ஸ்லீமன் என்ற ஆங்கில அதிகாரி, சாகர்ப் பகுதியில் தாம் கண்டதை 1844இல் வெளிவந்த நூலில் எழுதி வைத்திருக்கிறார். 1829இல் ஆலங்கட்டி மழையாலும், அடுத்த ஆண்டுகளில் மழைக் குறைவாலும் பயிர் நோயாலும், அங்கே கோதுமை தொடர்ந்து அழிந்தது. அழிந்த கோதுமை வயல்களில் கேசரி மட்டும் தழைத்தது. மக்கள் அதையே உண்டார்கள். 1833 முதல் இளைஞர்கள் நடக்கும் வலிமையை இழக்கத் தொடங்கினார்கள்.

இதனை இயற்கையின் கொடுமை என்று மட்டும் எழுதிவிட முடியாது. இருபதாம் நூற்றாண்டிலும் ரேவாப் பகுதியின் பண்ணையடிமைகளுக்குக் கூலியாக அளக்கப்பட்டது கேசரிப் பருப்பே. கோதுமை நிலவுடைமையாளனின் களஞ்சியத்திற்குப் போயிற்று. கேசரி கூலியாளின் மண்பானைக்குப் போயிற்று. பருப்பு காலை முடக்கும் என்பது அளந்தவனுக்கும் தெரியும், வாங்கியவனுக்கும் தெரியும். 1961இல் இந்திய அரசு அப்பருப்பின் விற்பனையைத் தடை செய்தது. விற்பனையைத் தடுத்த சட்டத்தினால், கூலியாக அளப்பதை உடனே தடுக்க முடியவில்லை. ஊற வைத்து, வேக வைத்து, அந்த நீரை வடித்துவிட்டால் நஞ்சு பெருமளவு குறையும். ஆனால் பஞ்ச காலத்தில் விறகுக்கும் தண்ணீருக்கும் எங்கே போவது?

ஒரே தொழில்நுட்பம் தஞ்சையில் தோசையாகிறது, ரேவாவில் ஊன்றுகோலாகிறது. மண்ணையும் விதையையும் பற்றி மட்டும் எழுதுபவர்கள் இந்த இடத்தில் தடுமாறிப் போகிறார்கள்.

தஞ்சையிலும் கதை இனிமையானது என்று எண்ணிவிடலாகாது. அந்த மெழுகுப் பதத்தைக் காலால் அறிந்தவர்கள் யார்? சாணிப்பாலும் சவுக்கடியும் பெற்ற பண்ணையாட்கள். 1940களிலே பி. சீனிவாசராவ் முதலிய பொதுவுடைமை இயக்கத்தினர் சேரிகளில் விவசாயிகள் சங்கத்தைக் கட்டி எழுப்பிய பின்னரே அக்கொடுமைகள் தளரத் தொடங்கின. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அரைப்படி நெல் கூலி உயர்வைக் கேட்டதற்காக, 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் வைத்து 44 பேர் எரிக்கப்பட்டார்கள்; பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்கள் மேல்நீதிமன்றத்தில் விடுதலை பெற்றார்கள். வெண்மணியின் வயல்களும் நெல்லுக்குப் பின் பயறு விளையும் அதே கீழ்த்தஞ்சை மண்தான்.

*

இனி மேல்நாட்டுக் கதைக்கு வருவோம். அங்கே இதே வித்தை எப்படிப் பிறந்தது, எவ்வாறு உலகப் புகழ் பெற்றது என்பது சுவையானது.

1930களிலே ஐக்கிய அமெரிக்காவின் சமவெளிகளில் புழுதிப் புயல் வீசிற்று. புல்வெளியை இயந்திர ஏர்களால் கீறிக் கோதுமை விதைத்துவிட்டு, மழை பொய்த்தபோது மண் வானத்தில் பறப்பதைக் கண்டார்கள். இலட்சக்கணக்கான குடியானவர்கள் ஊரைவிட்டு வெளியேறினார்கள். 1935இல் மண் பாதுகாப்புக்கென்றே ஒரு திணைக்களம் அமைக்கப்பட்டது. 1943இல் எட்வர்ட் ஃபோக்னர் என்பவர், கலப்பையையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றி ஒரு நூல் எழுதினார். பரபரப்பாக விற்பனையான நூல் அது. ஆனால் ஏரை விட்டுவிட்டால் களையை என்ன செய்வது என்ற கேள்விக்கு அவரிடம் போதிய விடை இல்லை. உழவின் தலையாய வேலை களையைப் புதைப்பதுதான் என்பதை எந்தக் குடியானவனும் சொல்வான்.

விடை இரசாயனத் தொழிற்சாலையிலிருந்து வந்தது. பச்சையாக உள்ள எதையும் எரித்துவிட்டு, மண்ணைத் தொட்டதும் வலுவிழக்கும் பராகுவாட் என்ற களைநாசினியைப் பிரித்தானியாவின் ஐ.சி.ஐ. நிறுவனம் 1962இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதே 1962இல், கென்டக்கி மாநிலத்தின் ஹெர்ண்டன் என்ற ஊரிலே, ஹாரி யங் என்ற குடியானவர் ஓர் ஏக்கருக்கும் குறைவான நிலத்தில் உழாமலே சோளம் விதைத்தார். அயலார் வேடிக்கை பார்த்தார்கள். பின்னர் அவரைப் பார்க்க வந்தோர் தொகை ஆயிரக்கணக்கில் பெருகிற்று.

அப்பகுதியில் இம்முறைக்கு உண்மையான பயன் கிடைத்தது கோதுமைக்குப் பின் சோயாவை விதைத்தபோதுதான். குளிர்காலக் கோதுமை அங்கே ஜூன் மாதத்தில் அறுவடையாகிறது. சோயாவுக்கோ, பனி உறையும் இலையுதிர் காலத்திற்குள் முதிர்ந்துவிட வேண்டிய கட்டாயம். ஜூன் கடைசியில் ஒவ்வொரு நாள் தாமதத்திற்கும் விளைச்சல் குறையும். உழுது, கட்டி உடைத்து, மட்டப்படுத்தி, மழைக்குக் காத்திருந்தால் பருவம் கைநழுவிவிடும். உழுத மண்ணிலிருந்து ஈரமும் போய்விடும். ஆகவே அறுவடை இயந்திரம் வயலின் ஒரு முனையில் ஓடிக் கொண்டிருக்கும்போதே, மறுமுனையில் விதைப்பு இயந்திரம் கோதுமைத் தாளைக் கீறிக்கொண்டு சோயாவை இட்டுச் செல்லும். ஓர் ஆண்டில் ஒரு போகம் விளைந்த நிலத்தில் இரண்டு போகம். காலம், ஈரம், தாளின் மூடாக்கு; மூன்று கணக்குகளும் தஞ்சைக் கிழவியின் கணக்குகளேதான். வேறுபாடு ஒன்று உண்டு. தஞ்சையில் நெற்பயிரின் நிழலும், ஆறு மாதச் சேறும் நீரும் களையை அடக்கி வைத்தன. கென்டக்கியில் அதைச் செய்தது போத்தலில் வந்த மருந்து.

1972இல் பிரேசிலின் பரனா மாநிலத்திலிருந்து ஹெர்பர்ட் பார்ட்ஸ் என்ற குடியானவர் கென்டக்கிக்குச் சென்று இதைப் பார்த்துவிட்டு, விதைப்பு இயந்திரம் ஒன்றையும் வாங்கிக் கொண்டு திரும்பினார். அவருடைய ஊரிலே பெருமழை வந்தால் உழுத செம்மண் ஆறாக ஓடும். உழாத தாளில் சோயா விதைத்தார், மண் நின்றது. அதன்பின் தென்னமெரிக்காவின் கோடிக்கணக்கான ஏக்கர்கள் அவ்வழியில் திரும்பின. மண் காக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. இதை மறுப்பது அறிவுடைமையாகாது. ஆனால் 1974இல் மொன்சான்ரோ நிறுவனம் கிளைபோசேட் என்ற களைநாசினியை விற்கத் தொடங்கியதும், 1996இல் அதே நஞ்சைத் தாங்கும்படி மாற்றப்பட்ட சோயா விதையை வெளியிட்டதும் அக்கதையின் பிற்பகுதி. விதையும் நஞ்சும் ஒரே கடையில். ஆர்ஜென்டீனாவிலும் பராகுவேயிலும் பெருமூலதனம் நிலத்தை வளைத்துச் சோயாக் காடாக்கிற்று. சிறு குடியானவர்கள் நகரத்துச் சேரிகளுக்குப் போனார்கள். ஏருக்கு ஆள் வேண்டாம், களைக்கும் ஆள் வேண்டாம் என்றால், ஆள் எதற்கு?

நஞ்சின்றியும் இது இயலும் என்று காட்டியவர் ஒருவர் உண்டு. ஜப்பானின் ஷிகோக்குத் தீவிலே மசனோபு ஃபுகுவோக்கா, நிற்கும் பார்லியினூடே நெல்லையும், நிற்கும் நெல்லினூடே பார்லியையும் வீசி, வைக்கோலால் மூடி, பல பத்தாண்டுகள் பயிர் செய்தார். 1975இல் அவர் எழுதிய ஒற்றை வைக்கோல் புரட்சி என்ற நூல் தமிழிலும் வந்திருக்கிறது. அவருடைய தத்துவத்தில் எமக்கு முழு உடன்பாடு இல்லை. ஒன்றும் செய்யாதிருத்தலே உழவு என்னும் பேச்சு, கூலிக்கு உழைப்பவனின் காதில் வேறு மாதிரி ஒலிக்கும். எனினும் மெழுகுப் பதத்தில் விதை வீசத் தெரிந்த எவரும் அவரைத் தம் இனத்தவராகவே அறிந்துகொள்வார்கள்.

*

எமது இலங்கைக்கு வந்தால், உழாத பயிரின் பெயர் சேனை. காட்டின் ஒரு துண்டை வெட்டி எரித்து, சாம்பலின்மேல் மழை விழுந்ததும் குரக்கனும் சோளமும் பயறும் விதைத்து, ஓரிரு போகத்தின் பின் அதைக் காட்டிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, பல ஆண்டுகள் கழித்து மீண்டும் வரும் முறை. ஏர் இல்லை, மாடு இல்லை, சிறு கொத்து ஒன்றே கருவி. உலர் வலயத்தின் ஏழைகளை, குளம் வற்றிய ஆண்டுகளில் உயிரோடு வைத்திருந்தது சேனையே.

பிரித்தானியர் அதைச் சோம்பேறிகளின் வேளாண்மை என்றார்கள். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய நிலச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மாறாக நிறுவப்படும் வரையில், முடிக்கே உரியவை என்று விதித்தது. இடைவெளி விட்டுப் பயிர் செய்யப்படும் சேனை நிலமும் அவ்வாறே கொள்ளப்பட்டது. கண்டிச் சீமைக் குடியானவனிடம் உறுதிப் பத்திரம் ஏது? நிலம் கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டது. 1897இல் தரிசு நிலச் சட்டம் எஞ்சியதையும் இறுக்கிற்று. சேனை செய்வதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டுக்கு முதலாளியின் தயவு வேண்டும். அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனாட் வூல்ஃப், 1913இல் வெளியிட்ட தமது நாவலிலே, ஒரு சேனைக் குடியானவனின் குடும்பம் இந்தச் சீட்டாலும் கடனாலும் எப்படி அழிந்தது என்பதைக் காட்டியிருக்கிறார். அந்தச் சீட்டை வழங்கும் நாற்காலியில் தாமே இருந்தவர் எழுதியது என்பதனால் அந்நூலுக்குத் தனி மதிப்பு உண்டு.

மண்ணை அழிக்கிறான் என்று சேனைக்காரனைக் குற்றம் சாட்டியவர்கள் மலைநாட்டில் என்ன செய்தார்கள்? சரிவுகளின் காட்டை முற்றாக அழித்தார்கள். கோப்பி, இலைநோயால் 1869 முதல் அழியத் தொடங்கியதும், தேயிலையை நட்டார்கள். தேயிலைக்கிடையே ஒரு புல்லும் இருக்கலாகாது என்று, தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரின் கையில் சுரண்டியைக் கொடுத்து, மண்ணின் மேல்தோலையே சீவ வைத்தார்கள். ஒவ்வொரு மழைக்கும் மலை ஆற்றோடு போயிற்று. மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது சுதந்திரத்தின் பின், 1951இல். ஏழை உழாமல் விதைத்தால் காட்டுமிராண்டித்தனம். துரை மலையைச் சீவினால் அபிவிருத்தி. பிற்காலத்தில் கம்பெனி உழாமல் விதைத்தபோது அது விஞ்ஞானமாயிற்று.

விஞ்ஞானத்தின் விலையையும் இந்நாடு கொடுத்திருக்கிறது. பராகுவாட் ஒரு மிடறு போதும், மருந்தில்லை. கடனும் மனவேதனையும் மிகுந்த கிராமங்களில் அது எவ்வளவு உயிர்களைக் குடித்தது என்பதை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். 2008 முதல் 2011 வரை படிப்படியாக அது தடை செய்யப்பட்டது. நஞ்சருந்தி இறப்போர் தொகையும் குறைந்தது. வடமத்திய மாகாணத்தின் சிறுநீரக நோய்க்குக் கிளைபோசேட் காரணமாகலாம் என்ற ஐயத்தில், 2015இல் அதுவும் நாடெங்கும் தடை செய்யப்பட்டது. காரணம் அதுதானா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்தொற்றுமை ஏற்படவில்லை. தடையும் பின்னர் தளர்த்தப்பட்டது. நோயாளிகள் என்னவோ இன்னும் இருக்கிறார்கள்.

சோயாவும் இங்கே வந்தது. 1973இல் தொடங்கிய திரிபோஷாத் திட்டம், சோளத்தையும் சோயாவையும் கலந்த சத்துமாவைத் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் வழங்கிற்று. கொட்டாஞ்சேனை மாணவர்களில் பலர் அதை உண்டே வளர்ந்தவர்கள். வெள்ளவத்தைக் கடைகளில் சோயா மீற் பொதிகள் தொங்குகின்றன. ஆயினும் உழுந்தின் இடத்தை அது பிடிக்கவில்லை. 2020இல் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக உழுந்து இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது அதனைக் கண்டோம். வன்னியிலும் அனுராதபுரத்திலும் விளைந்தது போதவில்லை. விலை ஏறிற்று, காலி வீதிக் கடைகளில் வடை சிறுத்தது, சில கடைகளில் தோசைக்குக் கோதுமை மா கூடிற்று. நெற்காணியிலே பெரும்போகத்திற்கும் சிறுபோகத்திற்கும் நடுவில், மண்ணில் மீந்த ஈரத்தைக் கொண்டு இடைப்போகமாகப் பயறு விளைவிக்கலாம் என்று விவசாயத் திணைக்களம் கூறி வருகிறது. அது புதிய கண்டுபிடிப்பு என்று எண்ணுவோர் மன்னார்குடிக்குச் சென்று வரலாம்.

*

மன்னார்குடிக்கு அப்பால் ஒரு வரப்பில், நிற்கும் தாளடிக்குள் விதை வீசிக் கொண்டிருந்த ஒரு மூதாட்டியைக் கண்டோம். வயது எழுபதுக்கு மேலிருக்கும். ஒரு கையில் ஓலைப்பெட்டி. விதைக்குமுன் வலக்காலின் பெருவிரலை மண்ணில் ஊன்றி, ஒரு திருகு திருகி, விரல் பதிந்த இடத்தில் நீர் ஊறுகிறதா என்று பார்த்தார்.

"இதுக்குக் கண்ணு வேணாம் தம்பி. காலு சொல்லும்" என்றார்.

தம் தாயார், எம்மைப் போன்ற சட்டைக்காரர் வந்தால் வரப்பைவிட்டு இறங்கி, முதுகை வளைத்து நின்று, சாமி என்று அழைத்தவர் என்பதையும் அவரே சொன்னார். தாம் யாரையும் அப்படி அழைப்பதில்லை என்று சொல்லிச் சிரித்தார். எம்மைத் தம்பி என்று அவர் அழைத்ததன் பின்னால் இருந்த முக்கால் நூற்றாண்டுப் போராட்டத்தை எண்ணியபோது, கையிலிருந்த குறிப்புப் புத்தகம் எமக்குக் கனத்தது.

இப்போது அந்த வித்தையே மறைந்து வருகிறது. அறுவடை இயந்திரம் வந்துவிட்டது. அதற்கு நிலம் இறுகியிருக்க வேண்டும். உழுந்துக்கோ நிலம் மெழுகாக இருக்க வேண்டும். முன்கூட்டி விதைத்தால் இயந்திரத்தின் சக்கரம் இளம் பயிரை நசுக்குகிறது. அது உமிழும் வைக்கோல் வரிசை வரிசையாக மூடிவிடுகிறது. அறுத்த பின் விதைத்தால் ஈரம் போய்விடுகிறது. அரிவாள் பிடித்தவர்களின் கால்தான் விதையை மண்ணில் அமுக்கிற்று என்று முன்னர் கூறினோமல்லவா? அந்தக் கால்கள் இப்போது திருப்பூருக்குப் போய்விட்டன. நெல்லறுப்பும் போயிற்று, உழுந்து பறிப்பில் பல ஊர்களிலே பெண்களுக்குக் கிடைத்த பங்குக் கூலியும் அதனோடு போயிற்று. ஆடுதுறையிலும் வம்பனிலும் உள்ள ஆராய்ச்சி நிலையங்கள் குறுகிய காலத்தில் முதிரும் இரகங்களைத் தந்திருக்கின்றன. பூக்கும் தருணத்தில் இலைமேல் உரக் கரைசல் தெளிக்கச் சொல்கின்றன. பயனுள்ள வேலைகள்தான். பெருவிரலால் பதம் பார்க்கும் அறிவை எந்த நிலையமும் இதுவரை இரகமாக வெளியிடவில்லை.

மூதாட்டி விதைத்துக் கொண்டிருந்தது ஒரு மூலைத் துண்டு நிலம். இயந்திரம் திரும்ப இடமில்லாததனால் கையறுப்புக்கு விடப்பட்டது. பெட்டியிலிருந்து ஒரு பிடி உழுந்தை எடுத்து எமது கைக்குட்டையில் முடிந்து கொடுத்தார்.

கொழும்புக்குத் திரும்பியதும் அதனை வகுப்பில் அவிழ்த்து வைத்து, கண்டவற்றையெல்லாம் சொன்னோம். பாடத்திட்டத்தில் இல்லாத இரண்டு பாடவேளைகள் அதற்குப் போயின. பின்வரிசை மாணவன் உழுந்து மணி ஒன்றை விரல்களுக்கிடையே உருட்டிக் கொண்டே இருந்தான். மணியடிக்கும் வேளையில் மீண்டும் எழுந்தான்.

"சேர், அந்த அம்மாவுக்குச் சொந்தமாக வயல் இருக்கிறதா?"

இல்லை என்றோம். இம்முறை வகுப்பில் எவரும் சிரிக்கவில்லை.